சீல் வைக்க முடியாத மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செய்யும் தவறுக்கு யார் பொறுப்பு என்று தொடங்கும் விவாதங்கள் பெரும்பாலும் எந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா என்ற பேச்சில் போய் முடிகின்றன. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத உட்காரும்போது அந்தக் கேள்வி எழுவதேயில்லை. குறிப்பிட்ட அந்த நேரத்தில் ஏஐ எதைப் பார்த்தது, என்ன பதில் சொன்னது, அந்தப் பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. நம் சட்டம் கோட்டை விட்டிருப்பதும் இந்த இடத்தில்தான்.

பொறுப்பு யாருக்கு என்பதைச் சொல்ல நீதி மன்றங்கள் அதிகம் தடுமாறவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கில் சொன்னதைப் பாருங்கள். பாட்டி இறந்துபோனதால் வான்கூவரிலிருந்து டொராண்டோவுக்குப் போக வேண்டிய ஒருவர், துக்கத்துக்குச் செல்வோருக்கான சலுகைக் கட்டணம் பற்றி நிறுவனத்தின் இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டிடம் கேட்டார். முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. பயணம் முடிந்த பிறகு சலுகை கிடையாது என்பதுதான் நிறுவனத்தின் உண்மையான விதி. வழக்கு வந்ததும், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான ஒரு தனிச் சட்ட ஆள் என்ற அளவுக்கு நிறுவனத் தரப்பு பேசியது. இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு, சாதாரணப் பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட் சொன்னாலும் ஒன்றுதான் என்று தீர்ப்பாயம் முடித்துவிட்டது. இழப்பீடு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812.02 கனடா டாலர் தர உத்தரவு. தொகை சிறியதுதான். ஆனால் அந்தப் பயணியிடம் சாட்பாட் சொன்ன பதிலின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் அவர் சொல்லுக்கு எதிராக நிறுவனத்தின் சொல் மட்டும்தான் இருந்திருக்கும்.

இதே தகராறு இங்கே வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மனு போடலாம். சிரமமில்லை. ஏனென்றால் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறோம். சிக்கல், காயமோ உயிரிழப்போ ஏற்பட்டு, அந்தச் சட்டத்தின் 6-ஆம் அத்தியாயத்தில், 82 முதல் 87 வரையிலான பிரிவுகளில் உள்ள தயாரிப்புப் பொறுப்பைக் கோரும்போது தொடங்குகிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலோ, சரியான எச்சரிக்கை தராவிட்டாலோ உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது 84-ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் 'பொருள்' என்றால் என்ன என்று 2(33)-இல் தேடிப் பாருங்கள்: வாயு, திரவ, திட நிலையில் இருக்கக்கூடியது, ஒப்படைக்கத் தக்கது. எங்கோ ஒரு சர்வரில் ஓடும் ஏஐ மாடல், அதாவது பதிலைக் கணித்துத் தரும் மென்பொருள், இவற்றில் எது? காருக்குள்ளோ எக்ஸ்ரே கருவிக்குள்ளோ பொதிந்து வரும் மென்பொருளை அந்தக் கருவியின் பாகம் என்று வாதாடி உள்ளே கொண்டுவந்துவிடலாம். இணையத்தில் மட்டும் இருப்பதை அப்படிக் கொண்டுவர முடியாது. அடுத்து 2(22). அங்கே 'தீங்கு' என்ற சொல்லுக்குள் உடற்காயம், நோய், மரணம், சொத்துச் சேதம், இவற்றை ஒட்டிய மன உளைச்சல் எல்லாம் வருகின்றன. வெறும் பொருளாதார இழப்பு வராது. தவறான கணிப்பால் கடன் மறுக்கப்பட்டவருக்கும் வேலை வாய்ப்பை இழந்தவருக்கும் அந்த அத்தியாயத்தில் இடமில்லை.

இன்னொரு பிரிவு எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையம் மாதிரி எடுத்து, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். 38(2)(சி) சொல்வது இது. சமையல் எண்ணெய்க்கும் சிமெண்டுக்கும் மிகப் பொருத்தம். ஏஐ மாடலில் எதைப் புட்டியில் பிடிப்பது? மனு விசாரணைக்கு வருவதற்குள் நிறுவனம் அதை நாலு முறை புதுப்பித்திருக்கலாம். இன்று அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும். சாட்பாட்டுகளை இயக்கும் மொழி மாடல்களில் புதுப்பிக்காமலே வேறு பதில் வரலாம், ஏனென்றால் அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நிகழ்தகவின்படி ஓர் அளவு தற்செயலையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே "இதோ, மறுபடி கேட்டுக் காட்டுகிறேன்" என்று ஆணையத்தின் முன் செய்து காட்டுவது இரு தரப்புக்கும் உதவாது. அன்றைய பதிவு மட்டுமே சாட்சி.

காசநோய் முகாம்களில் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு வரும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்து அது 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வரம்பை முகாம் நடத்துபவர் வைக்கிறார். 0.5 என்று வைத்தால் 0.46 வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார். 0.4 என்று இறக்கினால் அவர் பிடிபடுவார்; ஆனால் நோயில்லாத பலரும் வரிசையில் சேர்ந்து, பரிசோதனைக் கூடம் திணறும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த மென்பொருள்களை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்தது. வரம்பை அந்தந்த இடத்து மக்களுக்கு ஏற்ப அளந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னது. இத்தகைய முதற்கட்டச் சோதனை நோயாளிகளில் குறைந்தது 90 சதவீதம் பேரையாவது பிடிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. இதைத் திருப்பிப் போட்டுப் படித்தால், மென்பொருள் சொன்னபடியே வேலை செய்தாலும் 100 நோயாளிகளில் 10 பேர் தப்பிவிடலாம்.

அந்தப் பத்தில் ஒருவர் ஆறு மாதம் கழித்து முற்றிய நோயோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கேட்பது? தயாரிப்பாளர், "எதிர்பார்த்த பிழை அளவுக்குள்தான் இது, குறைபாடு இல்லை" என்பார். வரம்பு வைத்தது நாங்கள் இல்லை என்றும் சேர்த்துச் சொல்வார். படம் எடுத்தது 12 வயதுப் பிள்ளைக்கு என்றால் இன்னும் வசதி. அனுமதிக்கப்படாத பயன்பாடு என்று கை கழுவலாம். மருத்துவரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டிய பொருளானால், அந்த மருத்துவருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தாலே போதும், எச்சரிக்கவில்லை என்ற பொறுப்பு உற்பத்தியாளருக்கு இல்லை என்று 87(2) வேறு சொல்கிறது. ஆக, நாளுக்கு 300 படம் பார்க்க வேண்டியிருக்கும் மருத்துவரின் தலையில் வந்து இறங்குகிறது பொறுப்பு. குருவி தலையில் பனங்காய். எல்லோருக்கும் இலவசமாகவே நடத்தப்படும் முகாம் என்றால் இந்த அளவுக்குக்கூடப் போக முடியாது. காசு வாங்காத சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். மிச்சமிருப்பது நீதிமன்றக் கட்டணம் கட்டி உரிமையியல் வழக்கு. அரசு நடத்திய முகாம் என்றால் ரிட் மனு.

பனங்காய் குருவி மேல் விழுவதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்ட தானியங்கிக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் இறந்தார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை பதிவுகளைப் பிரித்து நொடி நொடியாக எழுதியிருக்கிறது. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே வந்தது. வகை மாறும் ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் நகர்ந்த பாதையை மறந்தது. பாதசாரிக் கோட்டுக்கு வெளியே மனிதர் கடப்பார் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் இல்லை. 1.2 நொடி மிச்சமிருக்கும்போது ஆபத்து என்று உணர்ந்தும், பொய் எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காக வைத்திருந்த ஏற்பாட்டின்படி ஒரு நொடி சும்மா இருந்தது. இவ்வளவும் வடிவமைப்பு முடிவுகள். வழக்கு போடப்பட்டது காரில் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்தவர் மேல். அவர் கவனம் கைப்பேசியில் இருந்தது என்று அந்த வாரியமே சொன்னது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை. அந்த 5.6 நொடிகளின் பதிவு விசாரணை அமைப்பின் கைக்குப் போயிராவிட்டால், 'ஓட்டுநர் அசட்டை' என்ற ஒரு வரியோடு கோப்பை மூடியிருப்பார்கள்.

பதிவு கைக்கு வந்தால் முடிவு எப்படி மாறும் என்பதற்கு டெஸ்லா வழக்கு சாட்சி. 2019-இல் புளோரிடாவில் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதியில் ஓடிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில், 2025 ஆகஸ்டில் மியாமி நடுவர் குழு நிறுவனத்துக்கு 33 சதவீதமும் ஓட்டுநருக்கு 67 சதவீதமும் பொறுப்பைப் பிரித்தது. தண்டனைத் தொகையையும் சேர்த்து நிறுவனத்தின் மேல் விழுந்த தொகை சுமார் 24.3 கோடி டாலர். மோதல் நேரத்துத் தரவு எங்களிடம் இல்லை என்று நிறுவனத் தரப்பு சொல்லிவந்தது. வாதி தரப்பு நிபுணர் காரின் சிப்பிலிருந்து அதை மீட்டுக் கொண்டுவந்தார். அங்கே நிபுணரை அமர்த்தும் வழக்கறிஞர்கள் இழப்பீட்டில் பங்கு பேசிக்கொண்டு சொந்தக் காசைப் போடுகிறார்கள். அப்படிப் பங்கு பேச நம் வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. சிப்பைப் பிரித்துப் படிக்க மாவட்ட ஆணையத்து மனுதாரர் எங்கே போவார்?

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டது. 1985-இல் கொண்டுவந்த தயாரிப்புப் பொறுப்பு நெறியை 2024-இல் புதிதாக எழுதி, மென்பொருளும் பொருள்தான் என்று சொல்லிவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும். வாதி ஓரளவு நம்பத்தகுந்த வழக்கை முன்வைத்தால், நிறுவனம் தன்னிடமுள்ள ஆதாரத்தை வெளியிட நீதிமன்றம் உத்தரவிடலாம். வெளியிடாவிட்டால் குறைபாடு இருந்ததாகவே கொள்ளப்படும். இதே நோக்கில் ஏஐக்கென்று 2022-இல் முன்வைத்த தனிப் பொறுப்பு நெறியை மட்டும் 2025-இல் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. அங்குள்ள ஏஐ சட்டம் உயர் இடர் வகை அமைப்புகளின் தானியங்கிப் பதிவுகளைக் குறைந்தது 6 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது; வழக்குப் போடும் காலவரம்போ 3 ஆண்டு. ஏழாவது மாதம் வருபவர் என்ன செய்வார்? அப்படியே காப்பியடிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில், சென்னை ஐஐடி பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு தயாரித்த ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்களை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்டது. இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டங்களைக் கொண்டே பெரும்பகுதியைச் சமாளிக்கலாம், பங்குக்கும் இடருக்கும் ஏற்பப் படிநிலைப் பொறுப்பு வைக்கலாம் என்பது அதன் போக்கு. தனிச் சட்டம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இருக்கும் சட்டத்தைத் திருத்தாமல் படிநிலை எப்படி வரும்? நுகர்வோர் சட்டத்தில் 'பொருள்' எது என்று சொல்லும் 2(33)-இல் 'மென்பொருள் உட்பட' என்று இரண்டே சொல் சேர்க்க வேண்டும். உடலுக்கோ பிழைப்புக்கோ கேடு வரக்கூடிய இடங்களில் ஏஐ பயன்படுத்துவோர் பதிவை 3 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு காலவரம்பு இருப்பதால் அதற்கு மேல் ஓர் ஆண்டு. பதிவைக் காட்டாவிட்டால் குறைபாடு இருந்ததாக ஆணையம் கொள்ள வேண்டும், 'கொள்ளலாம்' இல்லை. மென்பொருள் சரியாகவே வேலை செய்தும் தப்பிப்போகும் அந்தப் பத்துப் பேருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழி காட்டுகிறது: யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். சாலையில் ஏற்றுக்கொண்ட தர்மத்தை முகாமில் ஏற்றுக்கொள்ள என்ன தடை?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருக்கிறதே என்பார்கள். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும், உண்மை. அது முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கென்று இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கிவிடுகிறது.

அரசே பயன்படுத்தும் கணிப்பு முறைகள் தனிக் கதை. தெலங்கானாவில் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழக அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏஐ கொள்கை வெளியிட்டு, நடைமுறைக்குக் கொண்டுவருமுன் மதிப்பெண் போட 'டீப்-மேக்ஸ்' என்ற அட்டவணையும் வைத்தது. அந்த மதிப்பெண்களைத் துறைவாரியாக வெளியிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சட்டம் மாறும்வரை பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பதில் வந்த அன்றே திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். நேரம், இணைய முகவரி, நீங்கள் கேட்ட கேள்வி மூன்றும் தெரிய வேண்டும். வெட்டிச் சுருக்கிய ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு முதல் நாளே சந்தேகிக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிய படத்தை ஆதாரமாகக் கொடுக்காதீர்கள். படம் சுருங்கி, எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும். மூலக் கோப்பு உள்ள கைப்பேசியை ரீசெட் செய்யவோ மாற்றிக் கொடுக்கவோ வேண்டாம். விவகாரம் நீதிமன்றம் போனால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பில் எதை மாற்றினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை, எழுத வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே தரலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் சரி. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்யாது. கொடுத்த விலைதான் கணக்கு. பலர் சறுக்கும் இடம் இது. 12,000 ரூபாய் கொடுத்த சேவைக்கு 20 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. பதிவுகளை முன்னிலைப்படுத்தச் சொல்லும் அதிகாரம் 38(9)-இன்படி ஆணையத்துக்கு உண்டு. அதற்கு இடைக்கால மனுவைப் புகாரோடு சேர்த்தே கொடுங்கள்.

அதற்கும் முன்பே, முதல் வாரத்திலேயே, ஒரு நோட்டீஸ் போக வேண்டும். அதில் இழப்பீடு கேட்பதைவிட முக்கியமான வரிகள் சில உண்டு: இன்ன தேதி, இன்ன நேரத்தில் நடந்த உரையாடலின் அல்லது கணிப்பின் முழுப் பதிவு, அப்போது இயங்கிய மாடலின் பதிப்பு எண், கொடுத்த உள்ளீடு, வந்த மதிப்பெண், வைத்திருந்த வரம்பு, அதைப் பார்த்து முடிவெடுத்த ஊழியரின் பதவி, இவற்றை அழிக்காமல் வைத்திருக்கவும். ஆதாரத்தை ஒளிப்பவருக்கு எதிராக ஊகிக்க இன்றைய சட்டத்திலும் இடமிருக்கிறது, ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம். நோட்டீஸ் கிடைத்த பிறகு அழித்தால் அந்த ஊகம் பலமாக விழும். நோட்டீஸுக்கு முன்பே 90 நாளில் தானாக அழிந்துவிட்டது, அதுதான் எங்கள் வழக்கம் என்று நிறுவனம் சொன்னால், மனுதாரரின் வக்கீலுக்குச் சொல்ல இன்றைக்கு அதிகம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
மதுரை